வலியசாலை அம்மாள் தன் கண்ணில் விட்டுக்கொண்ட மருந்து

மகாராஜா ஆண்ட காலத்தில், கண் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விடுவது ஆயாவான என் வேலை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; அதற்கு மேல் படிப்பு கிடையாது. ஆனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்துகிற பிள்ளை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, மூடின கண்ணின் மூக்கோர மூலையில் ஒரு சொட்டு வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். அழுது ஓய்ந்து கண்ணைத் திறக்கும்போது மருந்து தானே உள்ளே போய்விடும். கண்ணைத் திறக்காமலே இருந்த பிள்ளையை நான் கண்டதில்லை.

ஒரு நாள் வலியசாலை அக்கிரகாரத்திலிருந்து ஓர் அம்மாள் தன் பெண் கமலத்தைக் கூட்டி வந்தாள். பெண்ணுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். புத்தகத்தைப் பிடித்தால் தலைவலி என்கிறாள் என்று டீச்சர் அனுப்பியிருந்தார். அம்மாளுக்கோ கண்ணாடி என்ற பேச்சே ஆகாது. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை; நேரே டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"தலைவலியும் இல்லே, ஒண்ணும் இல்லே டாக்டர். சோம்பேறித்தனம். அரிசியிலே கல் பொறுக்கச் சொன்னா பாதியை விட்டுடறா. மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டா இவளை எவன் பண்ணிப்பான்?"

கமலம் சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்தாள். ஜெயித்தாயிற்று என்பது போல அம்மாள் என்னைப் பார்த்தாள்.

டாக்டர் மலையாளி. "குட்டி கண்ணை முறுக்கிப் படிக்குது. பிள்ளைங்க கண்ணு உள்ளதைக் காட்டாது. மருந்து விட்டா கண்ணு தளரும். பின்னே நான் வெளிச்சம் அடிச்சு அளந்துக்கறேன். குட்டி ஒண்ணும் சொல்லவே வேண்டாம்" என்றார்.

அந்த மருந்து அட்ரோப்பின்; மூன்று நாள், காலையும் மாலையும் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு வந்து போய்த் தீட்டுக்குக் குளிக்க முடியாது என்று அம்மாள் மருந்தை வீட்டுக்கு வாங்கிக்கொண்டாள்.

"விட்டதும் மூக்கோரத்தை விரலால அழுத்திப் பிடிக்கணும். இல்லன்னா தொண்டைக்கு இறங்கும். கருமணி பெரிசாகும், வெளிச்சம் கூசும், கிட்டத்துல உள்ளது தெரியாது. பயப்பட வேண்டாம், கேட்டியளா" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

நாலாம் நாள் வந்தார்கள். கமலம் முன்னால் நடக்க, அம்மாள் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்தபடி வந்தாள். பெண்ணின் கருமணியைப் பார்த்தேன். மிளகு போலச் சின்னதாக இருந்தது. அம்மாளின் முந்தானையை விலக்கச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் நாவல்பழம்.

"நீங்களா விட்டுக்கிட்டிய?"

"குழந்தை கண்ணிலே கண்டதை விட முடியுமா ஆயா? விஷமா என்னன்னு நானே பார்த்தேன். ஒரே ஒரு வேளைதான். நாக்கு ஒட்டிண்டுது. ஊசியிலே நூல் கோக்க முடியலே. அரிசியிலே கல்லும் தெரியலே, நெல்லும் தெரியலே. நேத்து அவர் கல்லைக் கடிச்சுட்டு இலையை விட்டு எழுந்துட்டார். எனக்குக் கண் போயிடுத்தா, அதைச் சொல்லு முதல்லே."

"போகல்ல. கொஞ்ச நாள்ல தானே தெளியும்" என்றேன். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது கமலம் சொன்னாள்: "எனக்கு எப்பவும் அப்படித்தாம்மா. கண்ணை இறுக்கிண்டு பார்த்தா கொஞ்ச நாழி கல் தெரியும். அப்புறம் எல்லாம் கலைஞ்சுடும், தலை வலிக்கும். சொன்னா நீ அடிப்பே."

அம்மாள் கையால் தடவி, அன்று வேண்டாம் என்ற அதே பெஞ்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள். கமலத்தை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"விடு ஆயா. நீயே விடு."

மூன்று நாளும் வந்தார்கள். டாக்டர் வெளிச்சம் அடித்து அளந்து, கனமான கண்ணாடிதான் எழுதிக் கொடுத்தார். "கனமா இருந்தா இருக்கட்டும். பார்க்க மட்டும் லட்சணமா இருக்கணும்" என்றாள் அம்மாள்.

அதிலிருந்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன். பிள்ளை பொய் சொல்கிறது என்று எந்தத் தாய் வந்தாலும் மருந்துக் குப்பியைக் காட்டி, "முதல்ல உங்களுக்கு ஒரு சொட்டு விடட்டா?" என்று கேட்பேன். ஒருத்தியும் சம்மதித்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள்.