மல்லிகாவுக்குச் சொல்லிவைத்த ரயில்

கிரீஸ் வாசனையும் வெயிலில் காய்ந்த தென்னம்பாளை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், அன்று புதன்கிழமையாகவே இருந்தாலும், எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றுதான் தோன்றும். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் எங்கள் தோப்புக்குள் அப்பா போட்டிருந்த குட்டி ரயில் பாதையின் வாசனை அது. குட்டி ரயில் என்றதும் மேசைமேல் வைத்து விளையாடுகிற சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆள் உட்கார்ந்து போகிற ரயில். தண்டவாளம் ஒரு சாண் அகலம், அடியில் பனங்கட்டை. கோயமுத்தூரில் பம்ப்செட் வேலை செய்கிற ஒரு லேத்துப் பட்டறையில் நாலு மாதம் போய் உட்கார்ந்து எஞ்சினைச் செய்ய வைத்து, அதன் வயிற்றுக்குள் டிராக்டர் பேட்டரியை வைத்து, அப்பா கொண்டுவந்திருந்தார். தென்னை வரிசைக்குள் புகுந்து, கிணற்றைச் சுற்றி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் திரும்பி, புறப்பட்ட களத்துக்கே வந்து நிற்கும். இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்டவர்களுக்கு அப்பா பதில் சொன்னதில்லை; ஏறி உட்காருங்கள் என்பார், அவ்வளவுதான்.

அப்பாவைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் சிலர் சேர்ந்து கிளப் ஒன்று வைத்திருந்தார்கள். எருத்தேன்பதிப் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரர்கள் பாதி, பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து வருகிற உத்தியோகஸ்தர்கள் பாதி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கள் தோப்பில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தை அவர்கள் மலையாள வழக்கப்படி "யோகம்" என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வார்கள். சமைத்துப் போடுகிற என் அம்மா அதற்கு வைத்த பெயர் "ரயில் ஒரம்பரை". ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. வந்தவர்களும் சும்மா வருவதில்லை, கல்பாத்தி மாமிகள் தூக்குப் பாத்திரத்தில் மொளகூட்டலும் சேவையும் கொண்டுவருவார்கள், எங்கள் பக்கம் ஒப்புட்டு என்கிற போளியும் சந்தவையும் இருக்கும். சந்தவையும் சேவையும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ள இரண்டு தரப்புப் பெண்களும் கடைசிவரை தயாராக இல்லை. அந்தச் சண்டையில் நாங்கள் பிள்ளைகள் இரண்டையும் தின்று தீர்த்தோம்.

கிளப்பின் சட்டாம்பிள்ளை சேஷு மாமா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தோப்பு ரயிலுக்கும் அவர்தான் கார்டு. பச்சைக் கொடியை அவர் அசைக்காமல் எஞ்சின் நகரக் கூடாது. கடைசிப் பிள்ளை ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்காமல் அவர் கொடியை அசைக்க மாட்டார். யாராவது ஒரு பொடிசு மாங்காய் பொறுக்கப் போயிருந்தால் அது வந்து சேரும்வரை எல்லாரும் வெயிலில் காய வேண்டியதுதான். எல்லாரும் ஏறினால்தான் வண்டி. இதில் அப்பாவுக்கும் அவருக்கும் அப்படி ஒரு பெருமை, என்னமோ உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றாத மாதிரி.

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ரயிலைக் கழற்றி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போவார்கள். பள்ளிக்கூடம், கோவில் திருவிழா, முதியோர் இல்லம் என்று எங்கே கூப்பிட்டாலும் சரி. எனக்குப் பத்து வயது நடந்தபோது சின்னக்கானலுக்குப் போனோம். உடுமலை, மறையூர் வழியாக மலையேறி, நடுவில் நான் மூன்று இடத்தில் வாந்தியெடுத்து, ஒருவழியாக, கீழேயிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிற எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பாதை போடத் தரை எப்படி இருக்கிறது என்று முன்கூட்டி விசாரிக்க அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. பெருமாட்டிக்காரர்களுக்குத் தரை என்றால் தட்டையாகத்தான் இருக்கும். அங்கே மைதானம் என்று காட்டிய இடம் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. தோப்பில் எட்டுப் பிள்ளைகளை அனாயாசமாக இழுத்த எஞ்சின் அங்கே இரண்டு பிள்ளைகளைக்கூட இழுக்க மாட்டாமல் முக்கியது. பிறகென்ன, அப்பாவும் மற்றவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டமாகிவிட்டது, ரயில் தள்ளுகிற மாமாக்களை யார்தான் பார்த்திருப்பார்கள்!

வரிசையின் கடைசியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். மல்லிகா. என் வயதுதான். தம்பி இறங்கி ஓட, அவனைப் பிடித்து வருவதற்குள் இடம் போய், ஒவ்வொரு தடவையும் வரிசையில் பின்னுக்குப் போனாள். அவள் முறை வருகிற சமயத்தில் பனிமூட்டம் இறங்கி, மழை பிடித்துக்கொண்டு, பேட்டரியும் தீர்ந்தது. எல்லாரும் கூரைக்கு ஓடினோம். அவள் ஓடவில்லை. தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு அந்த எஞ்சினையே பார்த்தபடி நின்றாள். அப்பாதான் போய் இருவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் ஏறியாகிவிட்டதா என்று சேஷு மாமா கேட்டபோது, அவள் அழவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் சொந்த ஊருக்கு ரயில்ல போய்ட்டு வந்துட்டாக. எங்களுக்கு அங்க யாரும் இல்ல. இதுலயாச்சும் ஏறலாம்னு நின்னேன்" என்றாள்.

அப்பா நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்துபோனால் அப்பாவுக்குக் குரல் பெரிதாகிவிடும். பள்ளிக்கூடமே கேட்கும்படி சொன்னார்: "இதென்ன ரயிலு கண்ணு! உங்க எல்லாத்தையும் கீழ கூட்டிட்டுப் போயி நெசமான ரயில்லயே ஏத்தி உடறேன். மீனாட்சிபுரத்துல ஏறுனா பாலக்காடு வரைக்கும் போலாம்." கிளப்காரர்கள் கை தட்டினார்கள், வாத்தியார் கை தட்டினார், நானும் தட்டினேன். மல்லிகா மட்டும் "எப்ப?" என்று கேட்டாள். "சீக்கிரமே" என்றார் அப்பா. மழை விடும்வரை அவளும் நானும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு எங்கள் வழியாகப் போகிற மீட்டர்கேஜ் வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து அளந்துவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டலாமா என்று கேட்டாள். கம்பி இருக்கும், ஆனால் விரலை நீட்டலாம் என்றேன். அதற்கே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்த யோகத்தில் இதுதான் பேச்சு. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மலைப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் சும்மா வந்து போகலாமா, ஆளுக்கு ஒரு தொப்பியும் பச்சைக் கொடியும் கொடுக்க வேண்டும் என்றார் ஒருவர். மாமரம் காய்க்கிற காலமாகப் பார்த்து வரவழைத்தால் முதலமடைத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்றார் இன்னொருவர். பிள்ளைகள் கண்டவர்களோடு இடித்துக்கொண்டு போகக் கூடாது, தனிப் பெட்டி ஒன்று வாங்கித் தருகிறேன், டிவிஷன் ஆபீசில் எனக்கு ஆள் இருக்கிறது என்றார் சேஷு மாமா. தனிப் பெட்டி என்றதும் எல்லாருக்கும் கிறுகிறுத்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெட்டி கிடைக்கிறவரை காத்திருப்பதே வேலையாகப் போயிற்று. மாங்காய்க் காலம் வந்தபோது பெட்டி வரவில்லை. பெட்டி வரும்போலத் தெரிந்த சமயத்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்தபோது ஆற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், விவசாயிகள் ஒருவரும் தோட்டத்தை விட்டு நகர மாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது இந்தப் பேச்சு எடுப்பார்கள், ரொம்ப அன்பாகத்தான் எடுப்பார்கள்.

அம்மா ஒருநாள் இலை எடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கடசியா நின்ன புள்ளைய மட்டும் கூட்டிட்டு வந்து நம்மூட்டுல ரெண்டு நாள் வெச்சிருந்து, ரயில்ல ஏத்திக் காட்டிக் கொண்டுபோயி உட்டா ஆவாதுங்களா?"

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றினால் மற்ற பிள்ளைகள் என்ன நினைக்கும், அது கிளப் செய்ததாகுமா என்று கேட்டார். எல்லாரும் ஏறினால்தான் வண்டி என்று பழகிய மனிதர். அம்மா இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் பேசியிருக்கலாம். எனக்கு அப்போது அப்பா சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

மீட்டர்கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதை போடப் போகிறார்கள் என்று பேப்பரில் வர ஆரம்பித்தது. சேஷு மாமா சிரித்தார். "பேப்பர்ல போடறதுதான். இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த லைனைத் தொட மாட்டா, கவலையே படாதீங்கோ" என்றார். ரயில்வேயிலேயே கிழடானவர் சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அவர் சொன்ன பத்து வருஷம் ஒரு வருஷத்தில் முடிந்தது. வண்டியை நிறுத்தப் போகிற தேதியை அறிவித்துவிட்டார்கள்.

அந்தக் கடைசி வண்டியில் நாங்கள் எல்லாரும் போனோம். கிளப்பே திரண்டு போயிற்று. மாதக் கூட்டத்தை அன்றைக்கு ரயிலுக்குள் வைத்துக்கொள்வது என்று யாரோ சொல்ல, எருத்தேன்பதிக்காரர்கள் மாலையும், மாமிகள் புளியோதரையும், அம்மா ஒப்புட்டும் கொண்டுவந்தார்கள். சேஷு மாமா பழைய வெள்ளைச் சட்டையை வெளுத்துப் போட்டுக்கொண்டு வந்து, எஞ்சினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அப்பா அவரைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தானும் அழுதார். வழியெல்லாம் ஜனங்கள் கை காட்டினார்கள். நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் திருப்பிக் கை காட்டினேன். முதலமடை தாண்டும்போதுதான் அம்மா ஒப்புட்டை நீட்டிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "அந்த மலப் புள்ளைகளுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றாள்.

அப்பா ஒப்புட்டை வாங்கவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் எங்களில் ஒருவருக்கும் அந்தப் பிள்ளைகளின் நினைப்பே வரவில்லை, அதுதான் உண்மை. வண்டி போகிறதே என்ற துக்கத்தில் அந்த வண்டியை யாருக்குச் சொல்லிவைத்திருந்தோம் என்பது மறந்துவிட்டது. கொல்லங்கோட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து போய் எல்லாரோடும் நின்றார். அந்தப் படத்தில் அவர் ஒருவர்தான் கேமராவைப் பார்க்கவில்லை.

பரிகாரம் தேடுகிற மாதிரி அடுத்த வருஷம் எஞ்சினுக்கு வேறு கியர் போட்டு மறுபடி சின்னக்கானலுக்குப் போனார்கள். இந்தத் தடவை மேடும் ஏறியது. மல்லிகா இருந்தாள், வளர்ந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். "நான் பெரிய பிள்ளையாயிட்டேன்ல, இவுக போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். நிஜ ரயிலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் கிளப்பில் உயிர் இல்லை. சேஷு மாமா போய்ச் சேர்ந்தார். கல்பாத்திக் குடும்பங்கள் பிள்ளைகளோடு பெங்களூருக்குப் போயின. தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டபோது தண்டவாளம் இடைஞ்சல் என்று பிடுங்கி அடுக்கினோம், பிறகு அது பழைய இரும்புக்குப் போயிற்று. மீனாட்சிபுரம் வழியாக இப்போது அகலப் பாதையில் வண்டி ஓடுகிறது. எனக்கு அதில் ஏற வேண்டிய வேலை வந்ததில்லை.

போன மாதம் ஆபீஸ் கூட்டம் ஒன்றுக்காகச் சின்னக்கானலில் தங்க நேர்ந்தது. விசாரித்துக்கொண்டு மல்லிகா வீட்டுக்குப் போனேன். என்னை உடனே தெரிந்துகொண்டாள், உட்காரவைத்து டீ போட்டாள், அப்பா நல்லா இருக்காகளா என்று முதலில் அதைத்தான் கேட்டாள். கீழே போடியிலிருந்து இப்போது மெட்ராசுக்கு ரயில் போகிறது, இடுப்பில் இருந்தானே அந்தத் தம்பி அதில்தான் வேலைக்குப் போனான், ஸ்டேஷன்வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன் என்றாள். நீ ஏறவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கே வா, இரண்டு பேரும் போடிக்குப் போய் ஏறிவிட்டு வரலாம், என் செலவு என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். அவள் சிரித்தாள்.

"அப்ப அம்புட்டு ஆசையா இருந்துச்சு. கூட்டிட்டுப் போக உங்க லாரி வந்தாலும் வரும்னு ஞாயித்துக்கிழமையானா அம்மா தல சீவி உக்கார வச்சிரும். பெறகு அது விட்டுப்போச்சு. இப்ப எதுக்கு?"

அவள் குரலில் குறை இல்லை. தம்பிக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். மீட்டர்கேஜ் போனதற்கும் தோப்பு ரயில் போனதற்கும் நான் எத்தனையோ தடவை வருத்தப்பட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணுக்குள் இருந்த ஒரு ஆசை போயிருக்கிறது, அதற்கு யாரும் மாலை போடவில்லை, போட்டோ எடுக்கவில்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இப்போதெல்லாம் அவர் கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. மல்லிகாவைப் பார்த்தேன் என்றதும் அந்தப் பிள்ளை எப்போதாவது ரயிலில் ஏறியதா என்று கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை, இல்லையப்பா என்றேன். தனிப் பெட்டிக்காக அத்தனை நாள் காத்திருந்த மனிதர் சொன்னார்:

"அந்த மீனாட்சிபுரத்து வண்டி தெனமும் காலியாத்தான் கண்ணு போயிட்டிருந்துச்சு."