கோழிக்கூடைக்குள் ஓர் எரிநட்சத்திரம்

எனக்கு வயது எண்பத்தேழு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். ஆனாலும் ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் ஊரில் எங்கள் வீட்டில் நடந்த இந்தக் கூத்தை யாரிடமும் சொன்னதில்லை.

ராத்திரியில் விளக்கு எரியக்கூடாது என்று உத்தரவு. அதனால் வானம் அப்படித் தெளிந்து கிடந்தது. என் வீட்டுக்காரருக்குப் படம் பிடிக்கிற பைத்தியம். எரிநட்சத்திரத்தைப் பிடிக்கிறேன் என்று, ஒளித்து வைத்திருந்த கேமராவைக் கொல்லையில் மல்லாக்க வைத்து, அதன் கண்ணைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார். கேமரா சிக்கினால் ஒற்றன் என்று தலையைச் சீவிவிடுவார்கள்.

வேலியோரம் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் ஓடிப்போய்க் கட்டிலடியில் புகுந்துகொண்டார். நான் கைக்குக் கிடைத்த கோழிக்கூடையைக் கேமராவின்மேல் கவிழ்த்தேன். சிப்பாய்கள் வீடு வீடாகத் தேடுவதே கோழியைத்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வந்தவன் வாயில் சிகரெட்டோடு, "ஆயாம்! ஆயாம்!" என்று மலாயில் கோழி கேட்டான்.

"தாடா தொவான், தாடா!" இல்லை ஐயா, இல்லை என்று இரண்டு கையையும் விரித்தேன்.

கூடையைத் தூக்கினான். சிகரெட்டோடு குனிந்து கேமராவின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அண்ணாந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு நட்சத்திரம் சரசரவென்று விழுந்தது. சின்னப் பையன் மாதிரிச் சிரித்தான். அடைக்கோழியை மூடுவதுபோல் கூடையை மெல்லக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

படத்தைக் கழுவியபோது நடுவில் தடியாக ஒரு கோடு இருந்தது. "பாத்தியா, எத்தாப் பெரிய நட்சத்திரம்!" என்று குதித்தார் அவர். கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அது சிப்பாயின் சிகரெட்டு நெருப்பு. அவர் கண்மூடும்வரை நான் சொல்லவில்லை. எங்களைக் காட்டிக்கொடுக்காமல் ஒருவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான். இதற்காவது நான் வாயை மூடக்கூடாதா?

அம்மாடி பேத்தி, நான் சொல்லி நீ எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டு. குரலைத் தாழ்த்தி வாசி, தாத்தா படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது.