கார்புரேட்டர் வாயில் சீர் டம்ளர்

இன்று காலை என் பழைய பைக் பறந்தது. நிஜமாகவே பறந்தது!

காரணம், வெலாசிட்டி ஸ்டாக். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயில் மாட்டுகிற சிறு புனல். விளிம்பு வளைந்திருப்பதால் காற்று முட்டாமல் வழுக்கிக்கொண்டு இன்ஜினுக்குள் போகும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை.

சமையலறையில் எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தேன். அதே வளைந்த விளிம்பு! அடியை அறுத்து மாட்டிவிட்டேன். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமே; அதை விடுகிற ஜெட்டையும் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டேன்.

அண்ணாமலை நகரிலிருந்து மனைவியோடு கடலூருக்குக் கிளம்பினேன். மெதுவாகப் போனால் வண்டி இருமியது. ஆனால் முறுக்கினால், அப்பப்பா! லாரியெல்லாம் பின்னால் போய்விட்டது.

"என்னாங்க, இன்னிக்கி வண்டி இப்டி பிச்சிக்கினு போவுது?" அவளுக்கும் குஷி.

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். வழியெல்லாம் உஸ்ஸென்று சத்தம் வந்த இடத்தைக் குனிந்து பார்த்தவள், சட்டென்று நிமிரவில்லை.

"இது எங்க மாமா சீர் வெச்ச டம்ளர்தான? எம் பேரு வெட்டியிருக்கு."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"பாதிப் பேரு உள்பக்கம் மறையுது. வெளிய தெரியிற மாரி திருப்பி மாட்டுங்க. போறவன் வர்றவன்லாம் படிக்கட்டும்."

அங்கேயே கிளாம்பைத் தளர்த்தித் திருப்பினேன்.

ஆர்.சி. புத்தகத்தில் என் பேர், இன்ஜினில் அவள் பேர். இப்போது வண்டி யாருடையது? நீங்களே சொல்லுங்கள்.