மலையை இடம் வந்தவர்

காலை ஒன்பது இருபதுக்குச் செய்தி வந்தது. பிரார்த்தனை மணியடிக்கப் போன ஆயா ராஜம்மாள் பாதியிலேயே திரும்பிவந்து, "பெரிய டீச்சர், நம்ம சகாதேவன் சார் போயிட்டாராம். தூக்கத்துலயே" என்றாள். தலைமையாசிரியை சந்திரம்மாளுக்கு முதலில் தோன்றியது இதுதான்: விடுப்புக் கடிதம் எழுதிவைக்காமல் அந்த மனிதர் வராமல்போன முதல் நாள் இது.

சகாதேவன் அந்தப் பெண்கள் பள்ளியின் எழுத்தர். உண்ணாமுலையம்மனே பாவாடை சட்டையோடு வந்து நின்றாலும், "டி.சி. எங்கம்மா?" என்றுதான் கேட்பார் என்று ஆசிரியைகள் கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

எண்பத்தைந்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அகதி முகாமிலிருந்து வதனி என்றொரு பெண் எட்டாம் வகுப்பில் சேர வந்தாள். வழக்கமான கேள்வி வந்தது.

"எங்கட பள்ளிக்கூடத்தில இப்ப ஆமிக்காரர் இருக்கினம், ஐயா. அவையளிட்டப் போய்க் கேக்கலாமோ?"

சகாதேவன் பேனாவை மூடினார். அன்று அவருடைய தயிர்சாதத்தை ராஜம்மாள் சாப்பிட்டாள்.

மறுநாள் ஒரு மனுவோடு வந்தார். போர் நிற்க வேண்டும், பள்ளிகள் திறக்க வேண்டும், அதுவரை முகாம் பிள்ளைகளை டி.சி. இல்லாமல் சேர்க்க வேண்டும்.

"உங்க மனுவைப் பாத்துட்டு துப்பாக்கிய கீழ வச்சிடுவாங்களா?" என்றார் சந்திரம்மாள்.

"மூணுல ஒண்ணு நடந்தா போதும் டீச்சர்."

சேர்க்கை முடிய ஒரு வாரமே இருந்தது. தாண்டினால் வதனிக்கு ஒரு வருடம் போய்விடும். அதற்குள் பௌர்ணமி வந்தது. மலை சுற்றுகிறவர்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்று சகாதேவன் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில்தான் கோளாறு. கூட்டத்தோடு நடந்தால் முதுகைத்தான் பார்க்க முடியும். எதிரே நடந்தால் அத்தனை பேர் முகத்தையும் பார்க்கலாமே! ஊரே மலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்ற, இவர் மட்டும் விடியற்காலையில் ரமணாசிரமத்து வாசலில் புறப்பட்டு, மலையை இடக்கைப் பக்கம் வைத்து, அட்டையும் பேனாவுமாக எதிரே நடந்தார்.

"யோவ், பெரிய மனுசா, வழி மாறிப் போறியே" என்றார் ஒருவர். "காலங்காத்தால எதுருல வந்து நிக்கறான் பாரு" என்றாள் ஒரு கிழவி. திட்டியவர்களிலும் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

செங்கம் ரோட்டிலேயே கல்வி அதிகாரி எதிர்ப்பட்டார். வெறுங்கால், நெற்றி நிறையத் திருநீறு. "சாமி கும்புட வந்திருக்கேன். ஆபீசுல வந்து பாருங்க" என்று நடையைக் கட்டினார். தப்பித்தோம் என்றுதான் நினைத்திருப்பார். எதிரெதிராகச் சுற்றுகிறவர்கள் மலைக்கு மறுபக்கம் இன்னொரு முறை சந்தித்தே ஆக வேண்டும் என்பது, கணக்கில் பட்டம் வாங்கிய அவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

குபேர லிங்கத்தருகே வெயில் ஏறியிருந்தது. கால் கொப்பளித்து, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார் அதிகாரி. எதிரே மறுபடியும் சகாதேவன்.

"யோவ், இங்கயும் வந்துட்டியா?"

"நான் வர்ல சார். மலை உருண்டையா இருக்கு."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை வாங்கி, மனுவின் ஓரத்தில் எழுதினார்: வயதுக்கு உறுதிமொழி பெற்று, தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

வதனி சேர்ந்தாள். மலையை இடம் சுற்றிய பாவத்துக்கு ஒருமுறை வலம் சுற்றிவிடும்படி சந்திரம்மாள் சொன்னபோது, "சண்ட நின்னதும் சுத்தறேன் டீச்சர், சேத்து ரெண்டா" என்றார்.

இப்போது வதனி பத்தாம் வகுப்பு. தாமதமாக மணியடித்துக் கூடிய பிரார்த்தனையில் அவளும் நின்றிருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், சந்திரம்மாள் அலுவலக அறைக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். வதனியின் வரி முழுக்க சகாதேவனின் குண்டு எழுத்தில், நீல மையில் இருந்தது. டி.சி. எண்ணுக்கான கட்டத்தில் மட்டும் பென்சிலால், 'வரும்' என்று எழுதியிருந்தார். அவளுடைய ஊர்ப் பள்ளிக்கூடம் திறந்ததும் மையால் எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக அது பென்சிலில்தான் இருக்கிறது.