ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம்

சோல்வையைக் குளவி கொட்டியது ஓர் ஆகஸ்ட் மாதத்தில். ஹோல்பி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. குழி வெட்டுவாள், புல் வெட்டுவாள், பாதையில் சரளைக்கல்லைச் சீராக வாரி விடுவாள். அன்றைக்கு வேலிச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூடு இருந்தது தெரியவில்லை. கழுத்தில் ஒன்றே ஒன்றுதான் கொட்டியது. உள்ளங்கை அரித்தது, நாக்கு தடித்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தேவாலயத்தின் பெண் பாதிரியார் சைக்கிளில் வந்து சேர்ந்ததால் பிழைத்தாள்.

சில வாரங்கள் கழித்து வீபோர்க் நகரத்தில் நான் நர்ஸாக இருந்த ஒவ்வாமை கிளினிக்குக்கு அனுப்பி வைத்தார்கள். வெயிலில் காய்ந்த முகம், ஆண்பிள்ளைகளுடையது போன்ற கை. என் வயதுக்காரிதான். முன்னங்கையை நீட்டச் சொல்லி, வரிசையாக மருந்துச் சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினேன். தேனீ விஷம் வைத்த இடம் சும்மா இருந்தது. குளவி விஷம் வைத்த இடம் கொசு கடித்ததுபோல் தடித்து, சுற்றிலும் சிவந்து பரவியது.

"தோவெ, இத பாரேன், படம் வரைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். என் சட்டையில் இருந்த பெயரைப் படித்து, பார்த்த முதல் நாளே அப்படிக் கூப்பிட்டாள்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். குளவி விஷத்தையே துளித்துளியாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்க வேண்டும். முதலில் வாராவாரம், பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. மொத்தம் ஐந்து வருடம்.

"அஞ்சு வருஷமா! எங்க ஊர்ல கல்யாணமே அவ்வளவு நாள் தாங்கறதில்ல டாக்டர்" என்றாள் சோல்வை.

"இது தாங்கும். நீங்க ஒழுங்கா வரணும், அவ்வளவுதான்."

அவள் கல்யாணம் தாங்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். புருஷன் நார்வேக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. தேவாலயத்தை ஒட்டிய சின்ன வீட்டில் தனியாக இருந்தாள்.

ஊசி போட்டதும் யாரையும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டோம். போட்ட மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் அரை மணி நேரம் கூடத்தில் உட்கார வேண்டும். எஸ்கில் அவளைப் பார்த்தது அங்கேதான்.

எஸ்கில் லுண்ட் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊர் வெஸ்டர்லூ. மனைவி இங்கர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கல்யாணமான ஒரு மகள், பெயர் மெரெத். அவருக்கு பிர்ச் மரத்தின் மகரந்தம் ஆகாது.

"கைய தேய்க்காதீங்க. தேய்ச்சா நர்ஸம்மா திட்டும்." அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"உங்களையும் குளவியா?"

"இல்லீங்க, மரம். ஏப்ரல் வந்தா ஒரே தும்மல். தும்மும்போது கண்ணு மூடிக்குமில்ல? பக்கத்துல வண்டி ஓட்டறது நேத்துதான் ஸ்டியரிங்கையே தொட்ட ஆளு. அவனுக்கும் ரோடு தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப எனக்குத்தான் வேலை வைக்கப் போறீங்க."

"ஏன், உங்களுக்கு என்ன வேலை?"

"குழி வெட்டற வேலை."

அவர் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நேரம் கொடுக்கத் தொடங்கினேன். அவர்களாகக் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன்.

எங்கள் கூடத்தில் இருந்த காபி இயந்திரம் மோசம். "இதக் குடிச்சா அதுக்குத் தனியா ஒரு ஊசி போடணும்" என்று சொல்லி, எஸ்கில் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். சோல்வை ஏலக்காய் பன் சுட்டுக் கொண்டுவருவாள். சன்னல் பக்கம் இருந்த இரண்டு நாற்காலிகள் அவர்களுடையவை ஆகிவிட்டன. அவர் தன் மாணவர்கள் செய்யும் கூத்தையெல்லாம் நடித்துக் காட்டுவார். அவள் கல்லறைக்கு வந்து சொத்துச் சண்டை போடும் அண்ணன் தம்பிகளைப் பற்றிச் சொல்வாள். சில நாள் இரண்டு பேரும் பேசாமல் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அரை மணி முடிந்து நான் கையைப் பார்க்கப் போனால், "அதுக்குள்ளயா?" என்பார் எஸ்கில்.

வெளியே அவர்கள் சந்தித்ததே இல்லை. தொலைபேசி எண்கூட வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். பத்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்தாலும், கூப்பிடாமல் வாசற்படியை மிதிக்க மாட்டோம். கூப்பிடுவதற்கும் நாக்கு எழாது.

எஸ்கிலுக்கு மூன்று வருட மருந்து. அது முடிந்த அன்று அவர் கையைக் குலுக்கி விடை கொடுத்தேன். சோல்வை சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வாரம் கழித்து சோல்வை வந்தாள். ஊசி போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனால், அங்கே பிளாஸ்கோடு எஸ்கில்.

"எஸ்கில், உங்களுக்குத்தான் ஊசி முடிஞ்சு போச்சே" என்றேன்.

"ஊசி முடிஞ்சுது நர்ஸம்மா. காபி முடியல."

சோல்வையின் கழுத்து சிவந்து போனது. மருந்துதான் ஏறிவிட்டதோ என்று பயந்து அருகில் போனேன். மருந்து இல்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நாலாவது வருடம் மே மாதம், கிளம்பும்போது எஸ்கில் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சோல்வை, அடுத்த தடவை ஊசி முடிஞ்சதும்... ஏரிக்கரை ஹோட்டல்ல மீன் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. உங்களுக்கு மீன் ஒத்துக்குமா?"

"குளவியத் தவிர எனக்கு எல்லாம் ஒத்துக்கும்" என்றாள் அவள்.

அடுத்த தடவை நீலக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். அவளைக் கால்சட்டை இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊசியைப் போட்டு அனுப்பினேன். கூடத்தில் எஸ்கில் இல்லை. அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வண்டி ஏதாவது பழுதாயிருக்கும் சோல்வை."

"அவரு வண்டியா? இல்ல தோவெ. யோசிச்சுப் பாத்திருப்பாரு. இந்த வயசுல என்ன கூத்துன்னு தோணியிருக்கும்." பன் பொட்டலத்தை என் மேசை மேல் வைத்தாள். "நீ சாப்பிடு." போய்விட்டாள்.

அடுத்த தடவை அவள் வரவில்லை. அதற்கடுத்த தடவையும் வரவில்லை. மருந்தை நடுவில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அவளோ குளவிகளுக்கு நடுவிலே வேலை செய்கிறவள். தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வரவழைத்தேன். இடைவெளி விழுந்ததால் குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அன்று கூடத்தில் வேறு யாரும் இல்லை. எஸ்கிலின் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னாள்.

அவள் நீலக் கவுனில் காத்திருந்த நாளுக்கு நான்கு நாள் முன்பே எஸ்கில் இறந்துவிட்டார். மாரடைப்பு. அது தெரியாமல் இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள்.

"இங்க ஒரு இடம் கிடைக்குமா? எங்கப்பாவுக்கு" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இந்த ஊர்க்காரரா?"

"இல்ல, வெஸ்டர்லூ. எஸ்கில் லுண்ட்னு பேரு. கார் ஓட்டச் சொல்லிக் குடுத்துட்டிருந்தார்."

சோல்வை புல்வெட்டி இயந்திரத்தை நிறுத்தவில்லை. அதன் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாளாம். சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து மெரெத் மறுபடியும் உரக்கப் பெயரைச் சொன்னாளாம்.

"அங்க இடம் இல்லையா?" இயந்திரத்தை அணைத்துவிட்டு சோல்வை கேட்டாள்.

"இல்லாம என்ன? எங்கம்மா அங்கதான் இருக்காங்க. அம்மா பேருக்குக் கீழ அப்பா பேரையும் அப்பவே வெட்டியாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி. ஆனா ஈஸ்டர் அன்னைக்கு எங்க வீட்டுக்கு சாப்பிட வந்தப்ப, 'நான் போனா ஹோல்பியில ஒரு இடம் பாரு மெரெத், அங்க நல்லா பாத்துக்குவாங்க'ன்னு சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் விளையாட்டுன்னு நினைச்சேன்." மெரெத் அழுதாள். "அம்மா கூட இருக்க அவருக்குப் பிடிக்கலையா? நான் சின்னதுலேர்ந்து பாத்ததெல்லாம் பொய்யா? இங்க அவருக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

சோல்வை கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டாளாம்.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்லம்மா. கார்ல போறவங்க ரோட்லேர்ந்து பாத்துட்டு, தோட்டம் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க. அதத்தான் உங்கப்பாவும் விளையாட்டா சொல்லியிருப்பாரு. அவர உங்கம்மாகிட்டயே கொண்டு போயி வைங்க."

"அப்படித்தான்னு நினைக்கிறீங்களா?"

"அப்படித்தான்."

மெரெத் அவளைக் கட்டிக்கொண்டாளாம். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது என்று சொல்லி நன்றி சொன்னாளாம். மெரெத்துக்கு எஸ்கிலின் கண் போலவே கண் என்றாள் சோல்வை.

எனக்குத் தாங்கவில்லை. "அவர் உன்கிட்டதானே வரணும்னு கேட்டாரு! ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? பேசினதெல்லாம் அரை மணி அரை மணியா பேசினதுதான். அவரு கைய நான் தொட்டதுகூட இல்ல தோவெ. அந்தப் பொண்ணு அப்பாவப் பறிகொடுத்துட்டு வந்து நிக்குது. அதுகிட்டேர்ந்து அம்மாவையும் பிடுங்கணுமா?"

அடக்கத்துக்கு அவள் போகவில்லை. அன்று ஹோல்பியிலும் ஓர் அடக்கம் இருந்தது. யாரோ ஒரு கிழவருக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தாளாம்.

அதன் பிறகு ஒரு தடவையும் அவள் தவறவில்லை. ஐந்து வருடமும் முடித்தாள். கடைசி நாள் டாக்டர், "இனிமே குளவி கொட்டினாலும் உயிருக்கு ஆபத்து வராது" என்றார். "சரி" என்றாள். கூடத்தில் அரை மணி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"வெஸ்டர்லூவுக்கு ஒரு தடவையாவது போனியா?" என்று கேட்டேன்.

"போன மாசம் போனேன். கல்லு நல்ல கல்லு. இங்கர் லுண்ட், எஸ்கில் லுண்ட். தேதி வெட்டியிருக்காங்க." சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டாள். "ஏதாவது சொல்லலாம்னுதான் போனேன். பின்னால சரளைக்கல்லு மேல ஆள் நடந்து வர்ற சத்தம் கேட்டுச்சு. சொந்தக்காரங்களா இருக்கும்னு வழி விட்டு நகர்ந்துட்டேன்."