பனி பிடிக்கப் போன கொசுவலை

நல்ல ஓட்டல் என்று கூட்டிப்போனால், உட்கார்ந்ததும் வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர் வைக்கிறார்கள். உடம்புக்கு நல்லதாச்சே என்று நீங்களும் சொல்வீர்கள். எனக்கு அந்த வாசனை வந்தாலே ஒன்பதாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிதான் ஞாபகம் வருகிறது. பச்சைத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் எங்களுக்கு மளிகைக் கடை. கடைக்காரர் மகள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்றொரு நினைப்பு. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தங்கம் நாகலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அம்மா எஸ்டேட் வேலைக்குப் போகுமுன் பள்ளத்து ஊற்றிலிருந்து நாலு குடம் சுமக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிய நாளில் கொடியில் கிடக்கும் சேலை காயாமல் சொட்டுவதைப் பார்த்து, தங்கத்துக்குத்தான் அந்த யோசனை வந்தது. மூங்கில் சட்டத்தில் பழைய கொசுவலை, அடியில் இரண்டாகப் பிளந்த பைப், அதன் முனையில் பாட்டில். பள்ளி மைதானத்தில் ஒரே காலையில் அரை பாட்டில் நிரம்பிவிட்டது.

"கலெக்டரே வந்து பாப்பாருன்னு சார் சொன்னாருல்ல? எங்கூட்டுக்கு மேல பெருசா ஒண்ணு கட்டித் தரச் சொல்லிக் கேப்பேன். அப்பறம் அம்மா கொடம் தூக்க வேண்டாம் பாரு" என்பாள். நான் மெடலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாவட்டக் கண்காட்சி சேலத்தில். சட்டம், வலை, ஆணி வரை மறக்காமல் கட்டி எடுத்துப் போனோம். சேலத்தில் மூட்டம் கிடையாது என்பது மட்டும் சார் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. மலையிலேயே கிடப்பவர்களுக்குத்தான் இப்படியொரு புத்தி வரும். வெயில் மண்டையைப் பிளந்தது. வலை மொடமொடவென்று நின்றது.

நோட்டில் குறித்துவைத்த தண்ணீர் அளவுகளைக் காட்டலாம் என்றாள் தங்கம். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் வலையை நனைத்து, மீதியைப் பாட்டிலில் ஊற்றினேன். அவசரத்தில் கைக்கு வந்தது அம்மா கொடுத்தனுப்பிய தண்ணீர்.

நடுவராக வந்த டீச்சர், தங்கம் நோட்டை விரித்துச் சொல்லச் சொல்ல ரசித்துக் கேட்டார். பிறகு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார்.

"ஏம்மா, உங்க ஊரு மேகம் சீரகம் போட்டுக் காய்ச்சித்தான் வருமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கூர்ல மெய்யாலுமே வருமுங்க டீச்சர். நொம்ப வருமுங்க."

அவர் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ் பாதி மலை ஏறியதும் மூட்டம் வந்தது. தங்கம் வலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் உள்ளே இழுத்து என் உள்ளங்கையில் பிழிந்தாள்.

"பாரு புள்ள, வருதில்ல?"

யார் ஊற்றியது என்று அவள் கேட்கவே இல்லை. என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஊற்றிருந்த பள்ளத்தில் இப்போது ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. தங்கம் வீட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தபோது அவள் அம்மா உயிரோடு இல்லை. தங்கம் கல்யாணமாகித் திருப்பூர் பக்கம் போனாள் என்றார்கள். எந்தத் தெரு என்று சொல்லத்தான் ஆளில்லை. அன்று அவள் வலையைப் பிழிந்தபோது ஏற்காடு வந்து சேர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. "நான்தான் ஊத்துனேன்" என்று சொல்ல அது தாராளம். நான் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.