பலகைத் தடுப்புக்கு அப்பால்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவளை எல்லோரும் திருப்புளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். எந்தக் கார்டின் ஓரத்தில் எங்கே வெட்டு இருக்கும், எது எந்த ஸ்லாட்டில் உட்காரும் என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில்.

மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். அமைதியான ஆள். தங்கையின் லேப்டாப்பாம். அதற்கு ஒயர் இல்லாத டாக் வேண்டும் என்றார். மெஷின் பக்கத்தில் வந்தாலே தானாகச் சேர்ந்து, அதன் திரையைப் பெரிய மானிட்டரில் காட்டும் பெட்டி அது. அதற்கான கார்டு அந்த மாடலில் பொருந்தாது. பொருந்தாது என்றால் அக்காவுக்குத் தூக்கம் வராது. இரண்டு நாள் அலைந்து ஓர் இணைப்புத் துண்டு தேடிப் பிடித்து, மாட்டிக் கொடுத்தாள்.

“நடுவுல பலகைத் தடுப்பு இருந்தா சிக்னல் எடுக்குமா?” என்று கேட்டார்.

“சுவர்னா எடுக்காது. பலகைன்னா எடுக்கும்,” என்றாள், தலை நிமிராமலே.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் அதே லேப்டாப்போடு வந்தாள். சும்மா இருக்கும்போதே சுடுகிறதாம்.

“டாக்கை எப்பவும் போட்டே வைக்கிறீங்களா?”

“எந்த டாக்?”

“உங்க அண்ணன் மாட்டச் சொன்னாரே, பெரிய மானிட்டருக்கு.”

“என்கிட்ட மானிட்டரே இல்லையே.” அவள் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினாள். “பக்கத்து ரூம் அண்ணனோடது. நடுவுல பலகைதான். நான் யாருக்கு என்ன எழுதினாலும், சாப்பிடும்போது அதையே பேச்சுல இழுப்பார். எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு டாக்டரைக்கூடப் பார்த்தேன்.”

அக்கா கார்டைக் கழற்றினாள். அது கொதித்தது. “மாட்டினது நான்தாம்மா,” என்றாள்.

“வெளியூர் பஸ் எங்கங்க நிக்கும்?” என்று மட்டும் கேட்டாள் அந்தப் பெண். கடை நம்பரை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அண்ணன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் கோபமே இல்லை.

“எங்க போறேன்னு சொன்னா?”

“தெரியாதுங்க.”

“பரவாயில்ல. எனக்கு அவசரமில்ல.”

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். அப்படி வந்த ஐந்தாம் நாள், அவர் எதிரே இருக்கும்போதே போன் அடித்தது.

“அக்கா, நான்தான். நல்லா இருக்கேன்.”

“நீங்க கேட்ட பார்ட் இன்னும் வரலைங்க,” என்றாள் அக்கா. “இந்தப் பக்கம் வராதீங்க. போனும் பண்ணாதீங்க.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

“யாரு?”

“கஸ்டமர்.”

“ஓ,” என்று எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்தப் போன் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று, அக்கா ஒவ்வொரு நாளும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.